திடீர் மாரடைப்புக்கு முன்னால் முப்பது வருஷம்: ஆபத்துக் காரணி என்றால் என்ன?

சேலத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டால், துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "நேத்து சாயந்திரம்கூட கடையில உட்கார்ந்து பேசிட்டுத்தானுங்க இருந்தாரு. ஒரு நாள் தலைவலின்னு படுத்தவரு இல்லீங்க." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இருபது, முப்பது வருஷமாக ஒரு கோளாறு வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். அது வலிக்காது, பசியைக் கெடுக்காது, தூக்கத்தைக் கலைக்காது. வலிக்காத அந்தக் கோளாறை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க மருத்துவத்துக்குக் கிடைத்த வழிதான் ஆபத்துக் காரணி. டாக்டர்கள் ரிஸ்க் ஃபேக்டர் என்பார்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், இதயத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்து விழும் அறிவுரைகளில் எது உருப்படி, எது வெறும் மிரட்டல் என்று நீங்களே பிரித்துவிடலாம்.

எழுபது, எண்பது வருஷத்துக்கு முன் இந்த எண்ணமே மருத்துவத்தில் இல்லை. வயதானால் ரத்த அழுத்தம் ஏறும், ஏறினால்தான் குறுகிய குழாய்களில் ரத்தம் போகும், அதைக் குறைப்பதுதான் ஆபத்து என்று பெரிய டாக்டர்களே நினைத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் வருஷக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் இறந்த அன்று அது 300-ஐத் தொட்டிருந்தது. ஒரு நாட்டின் தலைவருக்கே நிலைமை அப்படி. அந்தச் சூழலில்தான் 1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ராமிங்ஹாம் என்ற சிறிய ஊரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 62 வயது வரை உள்ள 5,209 பேரைச் சேர்த்தார்கள். நோயாளிகளைத் தேடிப் போகாமல், சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்து வைத்தார்கள். அப்புறம் காத்திருந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வந்தது, வருவதற்குப் பத்து வருஷம் முன்னால் அவருடைய ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள். 1961-ல் வெளிவந்த அறிக்கை, ரத்த அழுத்தமும் ரத்தக் கொழுப்பும் கூடியவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்று எண்களோடு காட்டியது. ஆபத்துக் காரணி என்ற சொல் மருத்துவத்தில் புழக்கத்துக்கு வந்தது இதற்குப் பிறகுதான். அந்த ஆய்வு அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை நீண்டது.

காரணி என்றதும் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பீடி குடித்தே எண்பத்தைந்து வயது வரை திடமாக இருந்த தாத்தா ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவரைக் காட்டித்தான் எல்லா வாதமும் ஆரம்பிக்கும். ஆனால் அவரோடு சேர்ந்து பீடி குடித்த பத்துப் பேரில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று அந்தத் தாத்தாவையே கேட்டுப் பாருங்கள். ஆபத்துக் காரணி ஒரு தனி ஆளுக்கு நாளை என்ன நடக்கும் என்று சொல்லாது. இவரைப் போன்ற நூறு பேரை நிறுத்தினால், பத்து வருஷத்தில் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று சொல்லும். அந்த நூறில் நீங்கள் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று தெரியாததால்தான் அதைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

சரி, குழாய்க்குள் நடப்பது என்ன? நம் ஊரில் போர் தண்ணீர் ஓடும் குழாயில் உப்புப் படிந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பழகியதால், இதயக் குழாயிலும் கொழுப்பு அப்படித்தான் படிகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கொழுப்பு குழாயின் உள்பரப்பில் ஒட்டுவதில்லை. சுவருக்கு உள்ளே நுழைகிறது. எல்.டி.எல். என்கிற கொழுப்புத் துகள்கள் குழாயின் மெல்லிய உள்தோலைத் தாண்டி உள்ளே போய்த் தங்கிவிடுகின்றன. உயர் அழுத்தம், சிகரெட் புகை, சர்க்கரை ஆகியவை அந்தத் தோலைப் புண்ணாக்கி வழியை இன்னும் சுலபமாக்குகின்றன. உள்ளே போன கொழுப்பைத் துப்புரவு செய்ய ரத்தத்தின் வெள்ளணுக்கள் வருகின்றன, தின்று தின்று வீங்கி அங்கேயே சாகின்றன. அந்த இடம் ஒரு சிறிய கொழுப்புக் கட்டியாகிறது. அதன்மேல் உடம்பு ஒரு மூடி போட்டு வைக்கிறது.

மாரடைப்பு பெரும்பாலும் அந்த மூடி கிழியும்போது வருகிறது. கிழிந்த இடத்தைக் காயம் என்று நினைத்து ரத்தம் உறைகிறது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலக் குழாய் சில நிமிடங்களில் அடைபட்டுப் போகிறது. இதில் கவனிக்க வேண்டியது, கிழியும் கட்டிகளில் பல பாதி அளவுகூட அடைக்காதவை. அதனால்தான் போன மாதம் இ.சி.ஜி. நார்மல், டிரெட்மில் நார்மல் என்று வந்தவருக்கும் மாரடைப்பு வருகிறது. இ.சி.ஜி. என்பது அது எடுக்கும் நேரத்தில் இதயம் எப்படி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அடுத்த வருஷத்துக்கு அது உத்தரவாதம் கிடையாது.

இந்தக் கட்டி எந்த வயதில் ஆரம்பிக்கிறது என்பதற்குக் கொரியப் போரில் ஒரு சோகமான சாட்சி கிடைத்தது. போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து, 1953-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. அதில் நான்கில் மூன்று பங்குப் பேருக்கு மேல் இதயக் குழாய் நோயின் அடையாளம் இருந்தது. கல்யாணம்கூட ஆகாத வயது. அதனால் கொழுப்புப் பரிசோதனையை "ஐம்பது ஆகட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

நம் ஆட்களுக்கு இது இன்னும் அவசரம். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு நடந்து 2004-ல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், அதே வயதில் மாரடைப்பு வராத ஏறக்குறைய அதே அளவு பேரையும் ஒப்பிட்டார்கள். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் போதாமை, உடல் உழைப்பு இல்லாமை, மது அருந்தும் விதம். உலகம் முழுக்க மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்கை இந்த ஒன்பதுமே விளக்கிவிடுகின்றன. அதே ஆய்வில் தெற்காசியர்களைத் தனியாகப் பார்த்தபோது, நமக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவர்களுக்கு 59-ஐ ஒட்டி வருகிறது என்று தெரிந்தது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், அந்த ஆய்வு கண்ட முக்கியக் காரணம், நம்மவர்களிடம் இந்தக் காரணிகள் இளவயதிலேயே சேர்ந்துவிடுகின்றன என்பதுதான்.

காரணிகள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புகைப்பழக்கம் மட்டும் இருந்தால் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, சர்க்கரை, உயர் அழுத்தம் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அது 13 மடங்கு என்று இன்டர்ஹார்ட் கணக்கிட்டது. இதையே திருப்பிப் போட்டால் நல்ல செய்தியும் உண்டு. மூன்றில் ஒன்றை மட்டும் விட்டாலே ஆபத்து பெரிய அளவில் இறங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய வேண்டும் என்று மலைத்து ஒன்றையும் செய்யாமல் விடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தது ஒரு பஸ் ஆய்வு. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், இரண்டு அடுக்கு பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் எழுதினார். ஒரே பஸ், ஒரே ஊர்ப் புகை, ஏறக்குறைய ஒரே சம்பளம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் போட ஒரு நாளில் 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்குகிறார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது, வந்தாலும் சாவு குறைவாக இருந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது அவர் அடுத்துச் செய்த காரியம். முதலிலேயே பருமனாக இருக்கிறவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ என்று தன் முடிவின் மேலேயே அவருக்குச் சந்தேகம். கம்பெனி கொடுக்கும் யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பளவுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. சரி, ஒல்லியான டிரைவரையும் ஒல்லியான கண்டக்டரையும் ஒப்பிட்டால்? அப்போதும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவு. "இதைச் சாப்பிட்டவங்களுக்கு ஹார்ட் பிரச்சனையே இல்லையாம்" என்று யாராவது சொன்னால், அவர்கள் வேறு எந்த விதத்தில் நம்மிலிருந்து வித்தியாசப்பட்டவர்கள் என்று கேட்க வேண்டும். மாரிஸ் செய்தது அதைத்தான்.

சேலத்தில் உட்கார்ந்தே செய்யும் வேலைகள் ஏராளம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்கு வளையம் கோக்கிறவரைப் பாருங்கள். காலை மடக்கி உட்கார்ந்தால், குனிந்த தலை நிமிர்வதே டீ வரும்போதுதான். வேலை கடுமையானது, இரவில் உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். ஆனால் இதயத்துடிப்பு கூடும்படியான அசைவு அதில் இல்லை. "நாள் முழுக்க வேலை செய்யறேன், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி" என்கிற கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், களைப்பு வேறு, இதயத்துக்கான உழைப்பு வேறு. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமான நடை. வேகம் என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது என்கிற அளவு. காந்தி ஸ்டேடியத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தெரு போதும். காலையும் மாலையும் கால் மணி நேரமாகப் பிரித்துக்கொண்டாலும் பலன் ஒன்றுதான்.

ரத்த அழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்பது காரணிகளில் இதைத்தான் மிகச் சுலபமாக அளக்கலாம், இதைத்தான் பெரும்பாலும் தப்பாக அளக்கிறோம். வெயிலில் வண்டி ஓட்டி வந்து, ஆஸ்பத்திரிப் படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினால் வரும் எண் உங்களுடையதே அல்ல. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் பதிந்திருக்கட்டும், கால்மேல் கால் போட வேண்டாம். கை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு இருக்கட்டும். பட்டையைச் சட்டைமேல் சுற்றக் கூடாது. முன்னதாக அரை மணி நேரத்துக்குக் காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் எண் ஏறும். அளக்கும்போது பேசினாலும் ஏறும். நர்ஸ் அம்மாவிடம் மகள் கல்யாணம் பற்றிப் பேசுவதை அளந்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில் எடுத்து, வேறொரு நாளும் எடுத்துப் பார்த்து, 140-க்கு 90 அல்லது அதற்கு மேலேயே நின்றால் அது உயர் அழுத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிரச்சனை அதற்குப் பின்னால்தான். மாத்திரை போட்டு 130-க்கு வந்ததும் "நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். நார்மல் ஆனது மாத்திரையால். நிறுத்தினால் சில நாட்களில் பழைய எண்ணுக்கே ஏறிவிடும்.

அழுத்தத்தோடு உப்பும் வரும். நாளைக்கு 5 கிராம், சுமார் ஒரு டீஸ்பூன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இதை ஸ்பூனில் அளந்துகொண்டிருக்க யாராலும் முடியாது. வேறொரு கணக்கு இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அதுவும் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடை பலகாரம் எதுவுமே இல்லை என்றால். பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வைத்துப் பாருங்கள், வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். பொட்டாசியம் கலந்த உப்பு அழுத்தத்தைக் குறைக்கும் என்று சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது, பக்கவாதமும் அதில் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை அழுத்த மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, தட்டுவடை செட்டை விட்டுவிடுங்கள் என்று சேலத்துக்காரர்களிடம் நான் சொல்லப் போவதில்லை. அதில் பீட்ரூட், கேரட் துருவலாவது இருக்கிறது. தினசரிச் சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருப்பதை மாற்றி, காயையும் பருப்பையும் கூட்டிச் சோற்றைக் குறைப்பதுதான் முதல் வேலை. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். செக்கு எண்ணெயானாலும் இந்த அளவு மாறாது. பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். ஏற்காட்டுக் காபி இரண்டு வேளை குடிப்பதால் இதயம் கெட்டுவிடாது, சர்க்கரையைக் குறைத்தால் போதும். இடுப்பை மட்டும் தையல்காரர் டேப்பில் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, இதைத் தாண்டினால் எடை குறைவாகவே இருந்தாலும் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று பொருள்.

புகையிலைக்கு அளவே கிடையாது. "ரெண்டே ரெண்டு" என்பதும் இதயத்துக்குக் கெடுதல்தான். விட்ட ஒரு வருஷத்துக்குள் கூடுதல் ஆபத்து பாதியளவு குறைகிறது, வேறு எந்த மாத்திரையும் இவ்வளவு செய்யாது.

கொழுப்பு மாத்திரையைப் பற்றி ஊரில் பயம் நிறைய. ஸ்டாட்டின் என்ற இந்த மருந்தை முதலில் கண்டெடுத்தவர் ஜப்பானியர் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1970-களின் ஆரம்பத்தில் ஒரு பூஞ்சையிலிருந்து இதைப் பிரித்தார். இது உயிரைக் காக்கிறதா என்று ஸ்காண்டிநேவிய நாடுகளில், ஏற்கனவே இதய நோய் உள்ள 4,444 பேரிடம் பார்த்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் போன அந்த ஆய்வில், வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 12 பேர் இறந்தார்கள், ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 8 பேர். "சாவு 30 சதவீதம் குறைந்தது" என்று எழுதினாலும் இதே கணக்குதான். எந்த மருத்துவச் செய்தியிலும் சதவீதத்தைப் பார்த்ததும், நூற்றில் எத்தனை பேர் எத்தனை பேராகக் குறைந்தார்கள் என்று கேளுங்கள். ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்கு நூற்றில் நான்கு உயிர் என்பது பெரிய பலன். ஆபத்தே இல்லாத 25 வயதுக்காரருக்கு அதே மாத்திரையின் பலன் மிகச் சிறியது. ஒரே கொழுப்பு எண்ணுக்கு இரண்டு பேருக்கு டாக்டர் இரண்டு விதமாகச் சொல்வது இதனால்தான். தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த நாள் வரலாம். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவது போல, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை. வீட்டில் உடனே கிளம்பும் வார்த்தை, "கேஸா இருக்குங்க, சோடா குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க." இந்த ஒரு வார்த்தையில் மணிக்கணக்கில் போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், வாந்தி, காரணமில்லாத அசதியாக மட்டும் வரலாம். அம்மாவோ அத்தையோ "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் அதையும் வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு முன்னறிவிப்பும் உண்டு. சேர்வராயன் கோயில் மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிறது என்றால், குழாய் ஏற்கனவே குறுகியிருக்கக் கூடும். அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அடைபட்ட குழாயைத் திறக்காமல் விடும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கும் வசதி சேலம் நகரத்தில்தான். ஏற்காட்டிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் மலையில் இருக்கிறவர்கள் நேராகச் சேலத்துக்கு வண்டியை விடுவதா, ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போவதா என்று குழம்புவது இயல்பு. விடை, முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி. அங்கே இ.சி.ஜி. எடுத்து மாரடைப்புதான் என்று தெரிந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே தொடங்க முடியுமா என்று பார்த்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது இன்று ஏற்கப்பட்ட முறை. தமிழ்நாட்டிலேயே 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் இப்படிச் சிறிய, பெரிய மருத்துவமனைகளை இணைத்து நடத்திய ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய அவசர மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள்.

108-ஐ அழையுங்கள். நோயாளியே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, மாடிப் படி இறங்க வைக்கவும் கூடாது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள், 1988-ல் 17,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு, மாரடைப்பின்போது அது சாவை ஏறக்குறைய கால்வாசி குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் அது 108 ஊழியரோ டாக்டரோ சொல்லும்போது மட்டும். ஒன்றும் இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கை என்று தினம் ஆஸ்பிரின் போடுவது வேறு விஷயம். 2018-ல் வந்த ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களுக்கு அதனால் இதயப் பலன் கிடைக்கவில்லை, ரத்தக் கசிவுதான் கூடியது. வண்டி வருவதற்குள், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகளையும் பழைய இ.சி.ஜி. இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை முடிவு செய்ய டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.